நூற்றுக்கு ஒரு மணி

தமிழ்நாட்டில் ரத்தம் இல்லாதவர்களைப் பற்றி ரத்தம் கொதிக்கப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சி. ஒன்று பிளாஸ்டிக் கட்சி. ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள் என்பதே அதன் கொள்கை, தேர்தல் அறிக்கை, வழிபாட்டுப் பாடல் எல்லாம். இன்னொன்று சத்துக் கட்சி. நூறு கிலோ அரிசியில் ஒரு கிலோ சத்து மணியைக் கலந்துவிட்டால் நாட்டின் சோகை தீர்ந்துவிடும் என்பது அதன் திடநம்பிக்கை. ஜென்மப் பகையாளிகள் மாதிரித் தெரிந்தாலும் இரண்டு கட்சிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் பொறுப்பில் இருக்கிற ஒருவரும் அந்த அரிசியைச் சாப்பிடுவதில்லை.

பிளாஸ்டிக் கட்சியை முதலில் பார்ப்போம். பிரச்சார வசதி அவர்களுக்குத்தான் அதிகம். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூவுக்கும் ராசிபலனுக்கும் நடுவே வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வரும். முகம் தெரியாத ஒரு கை, வெந்த சோற்றை உருண்டை பிடித்துச் சிமென்ட் தரையில் அடிக்கும். உருண்டை துள்ளும். "பாத்துக்குங்க மக்களே, பந்து கணக்கா எகிறுது" என்று ஒரு குரல் பதறும். அடுத்த காட்சியில் அரிசியை வாணலியில் போட்டுக் கருக்குவார்கள். கருகியது ஒட்டும். ஆகவே பிளாஸ்டிக். 2017-ல் இந்த வதந்தி தெலங்கானா, ஆந்திரா என்று சுற்றி இங்கேயும் வந்தது. அதிகாரிகள் மறுத்தார்கள். மறுப்பை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை. சத்து மணி கலந்த அரிசி, அதாவது செறிவூட்டிய அரிசி, கடைக்கு வந்ததும் அதே உருண்டை மறுபடி துள்ள ஆரம்பித்துவிட்டது.

கஞ்சி வடிக்காத சோற்றை அழுத்திப் பிடித்தால் எந்த அரிசியும் துள்ளும். மாவுச்சத்தின் குணம் அது. விஞ்ஞானம் வேண்டாம், வியாபாரக் கணக்காவது தெரிய வேண்டாமா? கலப்படம் என்பது விலை கூடிய பொருளில் விலை குறைந்ததைச் சேர்ப்பது. பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை. அரிசியைவிட விலை கூடிய பிளாஸ்டிக்கை வாங்கி, அதை மெனக்கெட்டு அரிசி வடிவில் வார்த்து, 2011 ஜூனிலிருந்து இலவசமாகப் போய்க்கொண்டிருக்கும் அரிசியில் கலந்து நட்டப்படுகிற ஒரு கலப்படக்காரன் உலகத்தில் எங்காவது இருந்தால் அவனைப் பிடித்து உள்ளே தள்ளக் கூடாது. கோயில் கட்ட வேண்டும்.

வீடியோவை அனுப்புகிறவரும் அரிசி அட்டைக்காரர்தான். அட்டை அவருக்கு முகவரிச் சான்றுக்கும் பொங்கல் பரிசுக்கும் ஆகிறது. சில மாதம் அரிசியையும் வாங்குவார். வாங்கி, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் தானமாகக் கொடுப்பார். இல்லையென்றால் வாசலுக்கே வருகிற வியாபாரியிடம் தள்ளிவிடுவார். அது மூட்டையாகிக் கேரள எல்லை தாண்டும், அல்லது கோழித் தீவனமாகும், அல்லது ஆட்டப்பட்டு இட்லி மாவுப் பாக்கெட்டாக அவர் வீட்டு ஃபிரிட்ஜுக்கே திரும்பி வரும். போகட்டும். பிளாஸ்டிக் என்று மனதார நம்புகிற ஒரு பொருளைத் தூக்கி, வேலைக்கு வருகிற அம்மாவின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு அவரால் எப்படி மதியத் தூக்கம் போட முடிகிறது? இதற்கு மட்டும் யாராவது ஒரு வீடியோ எடுத்து அனுப்பினால் நன்றாக இருக்கும்.

அதே வீட்டு அலமாரியில் ஒரு டின் இருக்கும். டின்னின்மேல் ஓடுகிற சிறுவன், உயர்கிற அம்புக்குறி. பின்பக்கம் பொடி எழுத்தில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12. ரேஷன் அரிசியின் சத்து மணியில் இருக்கிற அதே மூன்று பேர்தான். இங்கே சர்க்கரையோடு கூட்டணி. டின்னில் இருந்தால் அது பிள்ளையின் எதிர்காலம். கோணி மூட்டையில் இருந்தால் கார்ப்பரேட் சதி. 2024 ஏப்ரலில் மத்திய அரசே இணைய வணிகத் தளங்களைக் கூப்பிட்டு, இப்படிப்பட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின்கீழ் விற்காதீர்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. அந்தச் செய்தியை எந்தக் குடும்பக் குழுவிலும் நான் பார்க்கவில்லை. உருண்டை துள்ளவில்லையே, அதனால் இருக்கும்.

பிளாஸ்டிக் கட்சிக்கு ஓர் அறிவுஜீவி அணியும் உண்டு. இவர்கள் வாணலியில் கருக்க மாட்டார்கள், மேடையில் பேசுவார்கள். "நம்ம தாத்தா பாட்டிக்கு வைட்டமின்னு ஒரு வார்த்தை தெரியுமா? நூறு வயசு வாழலையா?" என்பார்கள். கைதட்டல் விழும். நூறு வயது வாழ்ந்த பாட்டி எத்தனை பெற்றாள், அதில் எத்தனை தங்கியது என்று அந்தப் பாட்டியிடமே கேட்டிருக்கலாம். விளக்கு வைக்கும் நேரமானால் சுவரைத் தடவிக்கொண்டு நடந்த மாலைக்கண் பிள்ளைகளைப் பற்றியும் அவள் சொல்லியிருப்பாள். போன பிள்ளைகளுக்கு மேடை கிடைப்பதில்லை. தங்கியவர்களின் வாரிசுகள்தான் மைக் பிடிக்கிறார்கள்.

இந்த அணிக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு சங்கதி. மதுரை அரவிந்த் மருத்துவக் குழுவினர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட சுமார் 15,000 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். வாரம் ஒரு முறை வாயில் சில சொட்டு வைட்டமின் ஏ. அவ்வளவுதான். 1990-ல் முடிவு வெளிவந்தது: சொட்டு பெற்ற குழந்தைகளிடையே சாவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. வெளிநாட்டுச் சதியில்லை, நம் ஊர்ப் பிள்ளைகள், நம் ஊர் மண்ணில் தோண்டாமல் விடப்பட்ட குழிகள். வைட்டமின் என்பதே வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை என்று பேசுகிறவர், அந்தக் குழிகளின் எண்ணிக்கையையும் கையோடு சொல்லிவிட்டுப் பேசட்டும்.

உப்பு விஷயத்திலும் இவர்கள் கைவரிசை உண்டு. உப்பு விளைச்சலில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் ஊர் தூத்துக்குடி. 2018-19-ல் நடந்த அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவாக இருந்த மாநிலம் தமிழ்நாடு: 61.9 விழுக்காடு. கல் உப்புதான் இயற்கை, தூள் உப்பு விஷம் என்று ஊர் ஊராகச் சொன்னதற்கு இதில் பங்கே இல்லை என்று யாராவது சத்தியம் செய்யட்டும். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு, மாலையில் கல் உப்பின் பெருமையைப் பேசப் போகிறவர்களும் இந்த நாட்டில்தான் இருக்கிறார்கள்.

மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் நல்ல அரிசிகள்தாம். நானும் மறுக்கவில்லை. ஆனால் அவை விற்கும் விலையில், நூறு நாள் வேலைக்குப் போகிறவளைப் பார்த்து "பாரம்பரியத்துக்குத் திரும்பு" என்று சொல்வதற்குத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும்.

இனி சத்துக் கட்சி. இவர்கள் படித்தவர்கள்; ஆகையால் அதிகம் ஏச வேண்டும்.

2019-ல் மத்திய அரசு ஒரு சோதனைத் திட்டம் போட்டது. 15 மாநிலங்கள், மாநிலத்துக்கு ஒரு மாவட்டம், மூன்று ஆண்டு, 174.64 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் திருச்சி மாவட்டம் மாட்டியது. கொடுத்துப் பார்ப்பது, அளந்து பார்ப்பது, ரத்தம் ஊறியதா என்று கண்டுபிடிப்பது, பிறகு முடிவெடுப்பது. சோதனை என்றால் இதுதானே? 15 மாநிலங்களில் 11-தான் திட்டத்தை ஆரம்பிக்கவே செய்தன. மூன்றாவது ஆண்டு முடியவில்லை. 2021 ஆகஸ்ட் 15, செங்கோட்டைக் கொத்தளத்திலிருந்து பிரதமர் அறிவித்துவிட்டார்: 2024-க்குள் நாட்டின் எல்லாத் திட்டத்திலும் செறிவூட்டிய அரிசிதான். விடைத்தாள் திருத்துவதற்கு முன்பே மாணவன் மாநிலத்தில் முதல். 2024 அக்டோபரில் அமைச்சரவை கூடி, 2028 டிசம்பர் வரை தொடர 17,082 கோடி ரூபாய்க்கு ஒப்புதலும் கொடுத்தாயிற்று.

ரத்தத்தின் கணக்கு வேறு மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. தேசியக் குடும்ப நல ஆய்வில் 2015-16-க்கும் 2019-21-க்கும் இடையே சோகை உள்ள குழந்தைகளின் பங்கு 58.6-இலிருந்து 67.1 விழுக்காடாக ஏறியது. பெண்களில் 57. 'முன்னேறிய மாநிலம்' என்று நாம் தோள் தட்டிக்கொள்ளும் தமிழ்நாட்டில் பெண்கள் 53.4, குழந்தைகள் 57.4. பாதிக்கு மேல். ஒரு அங்கன்வாடியில் இருபது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் பதினொரு பேருக்கு வெளுத்த கண்.

இதற்கு மருந்தாக வந்த மணி எப்படித் தயாராகிறது என்று கேளுங்கள். ரசிக்கத் தக்க கதை. ஆலையில் நெல்லின் உமியை நீக்குகிறோம். அதோடு விட்டால் அரிசி பழுப்பாக இருக்குமே. பழுப்புச் சோறு போட்டால் சம்பந்தி என்ன நினைப்பார்? எனவே வெள்ளை வெளேரென்று ஆகும்வரை தீட்டுகிறோம். சத்தில் நல்ல பங்கு தவிட்டோடு போகிறது. தவிடு மாட்டுக்கும் எண்ணெய்க்கும். அந்த எண்ணெயை இதயத்துக்கு நல்லது என்று அதிக விலைக்கு விற்கிறோம். மாடு தெம்பாக இருக்கிறது, இதயம் தெம்பாக இருக்கிறது, அரிசி மட்டும் வெறும் மாவு. பிறகு கைகால் ஒடிந்த குருணையை அள்ளி மாவாக அரைத்து, இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் அடங்கிய பொடியைச் சேர்த்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, இயந்திரத்தில் பிழிந்து, அரிசி வடிவில் நறுக்கிக் காயவைக்கிறோம். இடியாப்பத்துக்குப் பதிலாக அரிசியையே பிழிந்தெடுத்த நாடு என்று கின்னஸ்காரர்கள் குறித்துக்கொள்ளலாம். இந்தப் பிழிந்த மணி ஒன்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு பழைய வெள்ளை அரிசி. கலந்து முடித்த ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்க வேண்டும் என்பது விதி.

இதனால் சோகை குறையுமா? உலகமெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சலித்துப் பார்க்கிற காக்ரேன் அமைப்பு 2019-லேயே அரிசிச் செறிவூட்டலைப் பற்றி ஒரு தொகுப்பு வெளியிட்டது. இரும்பு சேர்த்த அரிசியால் சோகை ஏற்படும் ஆபத்தில் மாற்றம் சொற்பமாகவோ இல்லாமலோ இருக்கலாம் என்றது. செங்கோட்டைக்கு இரண்டு வருடம் முன்பு வந்த தாள். படித்திருப்பார்கள். படித்தவர்கள்தானே.

சாப்பாட்டில் எது குறைகிறது என்பதும் புது ரகசியம் இல்லை. 1920-களில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மனிதர்களும் சாப்பிடுவதை அவற்றுக்குப் போட்டு எடை பார்த்தார். ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி தின்ற சீக்கிய எலி கொழுகொழுவென்று முதலிடம். தீட்டிய அரிசியைப் பிரதானமாகத் தின்ற மதராஸி எலி கடைசி. அந்த ஆய்வுக்கூடம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. எலி சொன்ன பாடம் பாலும் பருப்பும் காய்கறியும். நூறு வருடம் கழித்து நம் பிள்ளையின் வெளுத்த கண்ணைக் கீழிமை இழுத்துப் பார்த்துவிட்டு, "அரிசியிலேயே இரும்பைப் போட்டுடலாம் சார், செலவு கம்மி" என்கிறார்கள். காலனி அரசாங்கம் சீக்கிய எலிக்குப் போட்ட சாப்பாட்டை, சுதந்திர அரசாங்கம் ஒரு அங்கன்வாடிப் பிள்ளைக்குப் போட்டுவிட்டு இந்தப் பேச்சைப் பேசினால் நானும் வரிசையில் நின்று கைதட்டுகிறேன்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் ஒன்றும் செய்யாத மாநிலம் இல்லை. சத்துணவில் முட்டை இருக்கிறது, பள்ளியில் காலைச் சிற்றுண்டி இருக்கிறது. முட்டை என்றாலே தீட்டு என்று குழந்தையின் தட்டிலிருந்து பிடுங்குகிற மாநிலங்களைப் பார்க்கும்போது இங்கே பிறந்ததே பாக்கியம் என்று தோன்றும். பள்ளிக்கு வெளியே இருப்பவளுக்குத்தான் அந்தப் பாக்கியம் எட்டவில்லை. அவளுக்கு அரிசி.

அந்த அரிசி அவள் கைக்கு வந்த விதத்தைச் சொல்கிறேன். ஒரு நாள் காலை மூட்டை மாறியிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்க் களைந்தாள். சில மணிகள் மிதந்தன. நெல் விளைகிற ஊரில் பிறந்த எவளுக்கும் தெரியும், மிதப்பது பதர். மூன்று தலைமுறையாக ரேஷன் அரிசியில் கல், புழு, கருப்பு, நாற்றம் எல்லாம் பார்த்தவள். நிறம் வேறாக, வழவழப்பு வேறாக, தண்ணீரில் மிதக்கிற ஒன்றைப் பொறுக்கி எறியாமல் வேறென்ன செய்வாள்? கடையில் வந்து கேட்டாள்.

"தம்பி, அரிசில என்னமோ மெதக்குதே?"

"அது சத்து அரிசிக்கா."

"என்ன சத்து?"

"மேல இருந்து வருது. நாங்க போடுறோம். கைரேகை வைங்கக்கா, பின்னாடி ஆள் நிக்குது."

முடிந்தது மக்கள் கல்வி. 17,082 கோடியில் அவளுக்கு வந்து சேர்ந்த விளக்கம் அவ்வளவுதான். அவள் வடித்துக் கொட்டிய தண்ணீரோடு இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சாக்கடைக்குப் போயின. இந்தத் தமிழ்நாட்டிலேயே சோகை இல்லாத சாக்கடை எங்கள் தெருச் சாக்கடைதான். கொசுவின் ஆரோக்கியத்தைப் பார்த்தாலே தெரியும்.

பிறகு மாநாடு போட்டுப் பேசுவார்கள்: "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை." நட்சத்திர ஓட்டலில், பஃபே உணவுக்கு முந்தைய அமர்வில். விழிப்புணர்வு இல்லாததைப் போக்க ஃபிளெக்ஸ் வைப்பார்கள். பொங்கல் கிண்டி நிருபர்கள் முன்னால் ஒரு ஸ்பூன் வாயில் போட்டு, "சாதாரண அரிசி போலவே உள்ளது" என்று பேட்டி கொடுப்பார்கள். ஒரு ஸ்பூன்தான். இரண்டாவது ஸ்பூன் சாப்பிட்ட அதிகாரியின் படம் யாரிடமாவது இருந்தால் அருங்காட்சியகத்துக்கு அனுப்பி வையுங்கள்.

மூட்டையில் ஓர் எச்சரிக்கையும் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. இரும்பு சேர்த்த உணவைத் தலசீமியா உள்ளவர்கள் மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டும். அரிவாள் செல் சோகை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே 1952-ல், நீலகிரிப் பழங்குடிகளிடம். அந்த மலைக் கிராமத்து ரேஷன் கடையிலும் ஐம்பது கிலோ மூட்டையைப் பிரித்துத் தராசில்தான் போடுகிறார்கள். எச்சரிக்கை கோணியில் இருக்கிறது. அரிசி பையில் போகிறது. கோணியைக் கடைக்காரர் திருப்பி அனுப்ப வேண்டும், கணக்கு இருக்கிறது. ஆக, அந்த எச்சரிக்கையைப் படித்துப் பயனடைந்தவர் சுமை தூக்குகிறவர் ஒருவர்தான். அப்புறம் நிபுணர் குழு கூடியது, ஆபத்து ஒன்றும் இல்லை என்றது, 2024-ல் எச்சரிக்கையையே எடுத்துவிட்டார்கள். நிபுணர்கள் சொன்னது சரியாகவே இருக்கட்டும். எடுப்பதற்கு முந்தைய நாள்வரை அந்த வரி யாருக்காக அச்சாகிக்கொண்டிருந்தது? ஆபத்து என்று விதி எழுதியபோதும் தின்றவளிடம் சொல்லவில்லை. ஆபத்தில்லை என்று விதி மாற்றியபோதும் சொல்லவில்லை. ஆனால் பயந்தவள் மட்டும் அறியாதவள்.

பிளாஸ்டிக் என்று பயப்படுகிற ஏழையையும், பிளாஸ்டிக் என்று பரப்புகிற வசதியானவரையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு வேறு அரிசி இருக்கிறது. அவளுக்கு இதை விட்டால் இதுதான். பயந்துகொண்டே பொங்கிப் பயந்துகொண்டே பிள்ளைக்கு ஊட்டுகிறாள். அந்தப் பயத்தை அவள் வயிற்றில் கட்டியவர்களில் பாதிப் பேர் கைப்பேசியோடும் மீதிப் பேர் கோப்போடும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிரசவத்துக்குப் போகிறவளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்து, "ஏழு பாயின்ட்தான் இருக்கு. என்னம்மா சாப்பிடுற? கீரை, பேரீச்சை, சுவரொட்டி எல்லாம் சாப்பிடக் கூடாதா?" என்று சத்தம் போடுவார்கள். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். சுவரொட்டி என்ன விலை என்று சத்தம் போட்டவருக்கும் தெரியும். ரேஷனில் முப்பது ரூபாய்க்குத் துவரம்பருப்பு உண்டு. பல மாதங்களில் அது 'இன்னும் வரலை'. அரிசியில் இரும்பு தவறாமல் வந்த அதே லாரிக்குப் பருப்பு வரும் வழி மட்டும் மறந்துபோகிறது.

போன மாதம் எங்கள் பகுதிக்குக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தது. கல்லூரிப் பிள்ளை, கையில் டேப். செறிவூட்டிய அரிசி பற்றிய நுகர்வோர் மனப்பான்மை. கடைசி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டது.

"அரிசியோட நிறம் எப்படி இருக்குங்கம்மா? ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க."

"அரிசி நெறந்தான்."

"வாசனை?"

"வெந்தா ஒண்ணும் தெரியாது."

"சுவை?"

அந்தம்மா கொஞ்சம் யோசித்தார். "பருப்பு எப்பம்மா போடுவாங்க? வெறும் ரசத்துல சுவைக்கு நான் எங்க போக?"

பிள்ளை திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தது. பிறகு சுவை என்ற இடத்தில் நான்கை அழுத்திவிட்டு, கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனது.